தனித்தட்டுத் திட்டம்

உலக நாகரிக வரலாற்றை இனி இரண்டாகத்தான் பிரிக்க வேண்டும்: ஷிப்லி இங்கிலாந்தில் சாப்பிடுவதற்கு முன், சாப்பிட்டதற்குப் பின். நெருப்பு, சக்கரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் சில்லறைச் சங்கதிகள்.

முகாமைத்துவத்தில் முதுமாணிப் பட்டம் வாங்கத்தான் அவன் போனான். ஒரு வருஷத்தில் பட்டத்தோடு அதைவிடப் பெரிய ஒன்றையும் வாங்கிக்கொண்டு கொழும்பு வெள்ளவத்தைக்குத் திரும்பினான். அதன் பெயர் 'உணவு ஒழுக்கம்'. அங்கே ஐந்து மாணவர்களுக்கு ஒரு குசினி. பால் போத்தலில் உரியவர் பெயர். முட்டையிலும் பெயர். இட்ட கோழிக்குக்கூட அந்த முட்டை யாருடையது என்று அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்திருக்காது. "சாப்பிட்டியா?" என்று கேட்டு அவனுடைய அந்தரங்கத்தில் ஒருவரும் மூக்கை நுழைக்கவில்லை. நவம்பரில் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தான். கதவை ஒரு கை தட்டவில்லை. சுதந்திரம் என்றால் அதுவல்லவா சுதந்திரம்!

இந்த ஞானம் நாட்டுக்குப் பயன்படும் நாளும் வந்தது. தங்கச்சி ஹபீலாவின் கலியாணப் பேச்சை முடிக்க, நகரின் மறுகோடி கிராண்ட்பாஸிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஞாயிறு பகல் சோற்றுக்கு வருவதாக இருந்தது. மாப்பிள்ளை ரிப்கானை ஹபீலாவுக்கு மிகவும் பிடித்திருந்தது. சாப்பிட்டு எழும்பியதும் நாள் குறிப்பது என்று ஏற்பாடு. வாப்பா மௌத்தாகி நாலு வருஷம். ஆகவே வீட்டுத் தலைவர் ஷிப்லிதான். தலைவர் வெள்ளிக்கிழமை பின்னேரம் குசினியில் அவசரக் கூட்டமொன்றைக் கூட்டினார். சபையில் உம்மா பைறோஸா, ஹபீலா, ஐந்து கிலோ வெங்காயம் ஆகியோர் பிரசன்னமாயிருந்தனர்.

"சஹன் இல்ல" என்று அறிவித்தான் ஷிப்லி.

உம்மாவின் கத்தி பாதி வெங்காயத்தில் நின்றது. ஒரே பெரிய தாலத்தில் சோற்றைப் போட்டு, ஆறு பேர் சுற்றியிருந்து கைவைத்துத் தின்பதுதான் சஹன். சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு அதை வைக்கவில்லை என்றால், சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம்.

"மாப்பிள ஊட்டாக்களுக்கு என்னத்துல மகன் சோறு குடுக்கிற?"

"ஆளுக்கொரு ப்ளேட். போர்ஷன் கன்ட்ரோல். ஹைஜீன்."

"விசா முடிஞ்சா இதையெல்லாம் அங்கேயே உட்டுட்டு வரணும், நானா" என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னாள் ஹபீலா. இந்தத் திருத்தப் பிரேரணை விவாதமின்றி நிராகரிக்கப்பட்டது.

ஞாயிறு வந்தது. மாப்பிள்ளையின் வாப்பா இப்திகார் ஹாஜியார், இரும்புக்கடைக்காரர், மகனையும் தன் மூன்று தம்பிமாரையும் கூட்டிக்கொண்டு வந்து, கை கழுவி, பழக்கதோஷத்தில் பாயில் வட்டமாக உட்கார்ந்தார். பெண்கள் உள்ளறைக்குப் போனார்கள். ஷிப்லி ஆறு தட்டுகளைக் கொண்டுவந்து பரப்பினான். ஒவ்வொன்றிலும் தராசில் நிறுத்த முந்நூற்றைம்பது கிராம் பிரியாணி, ஒரு துண்டு கோழி, அரை முட்டை. ஹாஜியாரின் தட்டில் 'விருந்தினர் 1' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

ஹாஜியார் தட்டைப் பார்த்தார். நடுவில் வெறுமனே கிடந்த பாயைப் பார்த்தார்.

"சஹன் எங்க தம்பி?"

ஷிப்லி தொண்டையைச் செருமினான். "அங்கிள், பலபேர்ட கை ஒரே சோத்துல படுறது சுகாதாரத்துக்கு நல்லதில்ல. இங்கிலாந்துல..."

"பலபேர்ட கையா? இங்க ஈக்கிறது எங்கட கைதானே?"

"இல்ல அங்கிள், பொதுவாச் சென்னன்."

"பொதுவா இல்ல தம்பி. வெள்ளவத்தக் கை சுத்தம், கிராண்ட்பாஸ் கை ஊத்தைன்டு செல்றீங்க. வெளங்குது."

அவர் எழும்பினார். தம்பிமாரும் எழும்பினார்கள். ரிப்கான் மட்டும் எழும்பியும் எழும்பாமலும் முழங்காலில் நின்று தவித்தான்.

உள்ளறைத் திரை விலகியது. ஹபீலா பெரிய தாலத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாணிக்கோணி நிற்க அவளுக்கு நேரமில்லை. தாலத்தைப் பாயில் வைத்து, ஆறு தட்டையும் ஒவ்வொன்றாக எடுத்து அதில் கவிழ்த்தாள். அத்தனை கிராம்களும் எல்லை தெரியாமல் கலந்து போயின.

"இருங்க மாமா" என்றாள்.

ஹாஜியார் யோசித்தார். பிறகு பாயில் இருந்தார். மற்றவர்களும் இருந்தார்கள்.

"ஆறாவது ஆள் எங்க? வாங்க தம்பி."

"எனக்கு வேணா அங்கிள், நீங்க சாப்பிடுங்க" என்றான் ஷிப்லி.

"வாங்க."

"பசியில்ல அங்கிள்."

"அட, வாங்கன்டுறன்!"

மூன்றாவது அழைப்பில் நாகரிகத்தின் தூதுவர் பாயில் உட்கார்ந்தார். ஹாஜியார் ஒரு கோழித்துடையைப் பிய்த்து அவன் பக்கம் தள்ளினார். உணவு ஒழுக்கம் அதை இரண்டே கடியில் முடித்தது.

"நல்லா மெலிஞ்சி போயிட்டீங்க. அங்க ஒருத்தரும் சோத்துக்குக் கூப்பிடல்லியா?"

வாய் நிறையச் சோறு இருந்ததால் பொய்க்கு இடமில்லாமல் போயிற்று.

"கூப்பிட்டாங்க அங்கிள். போன மொதக் கெழமையே. நாலு பேருமாச் சேந்து ஒரு சட்டி பாஸ்டா ஆக்கி, எனக்காக இறைச்சி போடாம ஆக்கி, ரூமுக்கு வந்து கூப்பிட்டாங்க."

"போனீங்களா?"

"வேணான்டு சென்னன்."

"பசிக்கல்லியா?"

"பசிச்சிச்சி. ரெண்டாந்தரம் கூப்பிடுவாங்கன்டு கதவுக்குப் பின்னால பாத்துட்டிருந்தன். கூப்பிடல்ல. பொறகு ஒரு வருஷமா நானும் அவங்களோட சாப்பிடல்ல."

தாலத்தில் ஆறு கைகளும் அப்படியே நின்றன. முதலில் ரிப்கானுக்குச் சிரிப்பு வந்தது. அது ஹாஜியாருக்கும் தொற்றிக்கொண்டது. திரையோரம் நின்ற ஹபீலா மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப அந்த ஊர்ல ஒரு குத்தமுமில்ல. ஒங்கட ரோசத்துக்கு நாகரிகம்டு பேர் வெச்சி, அத என்ட மாப்பிள ஊட்டாக்கள்ட தலையில கட்டப் பாத்தீங்களே, நானா!"