சின்னராசா வெள்ளையடித்த கேம்ப்

அந்தப் பெண் கக்கூசைப் படம் எடுத்ததைத்தான் சின்னராசாவால் தாங்க முடியவில்லை.

மலையை எடுக்கட்டும், பள்ளத்தில் போகிற ரயிலை எடுக்கட்டும். வட்டவளைக்கு வருகிறவர்கள் எல்லாரும் எடுப்பதுதான். இவளோ வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பலகை மேல் ஏறி நின்று, துருப்பிடித்த தகரம் அடித்த கக்கூசை நேராக ஒன்று, அது சாய்ந்திருக்கும் பக்கத்திலிருந்து ஒன்று என்று ஆசை தீர எடுத்தாள். பிறகு நீலத் தறப்பாள் கூடாரங்களை எடுத்தாள். தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் கரி பிடித்த கேத்தலை எடுத்தாள். கடைசியில் பக்கத்தில் நின்றவனிடம் என்னவோ சொல்லிச் சிரித்தாள்.

"சிரிக்கிறா புள்ள," என்றான் சின்னராசா.

அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அவன் பெண்சாதி பூரணி தலையை நிமிர்த்தவில்லை. "சிரிச்சா சிரிச்சிட்டுப் போறா. உங்க மூஞ்சியப் பாத்துச் சிரிக்காத வரைக்கும் சரி."

"அவ யாருன்னு தெரியுமா? பிரேமினி மிஸ். யாழ்ப்பாணத்து ஆளு. பக்கத்துல கட்டுற ஹோட்டலுக்குத் தீம் பாக்கறதே அவதானாம்."

"தீமுன்னா என்னங்க?"

"திருவிழாவுக்குக் கோயில ஜோடிக்கிறோம்ல, அது மாதிரி. ஆனா வருஷம் பூராவும்."

பூரணி ரொட்டியைக் கல்லில் போட்டாள். வருஷம் பூராவும் ஜோடித்தால் யார் கழுவுவது என்பதுதான் அவளுக்கு வந்த யோசனை. சின்னராசாவுக்கு வந்ததோ நிலத்தைப் பற்றிய யோசனை.

மலை பார்க்க வருகிறவர்களுக்கு அவன் கூடாரம் வாடகைக்கு விடுகிற இந்தக் கேம்ப் இருக்கிற சரிவு அவனுடையது அல்ல. தேயிலை காடாகிப்போய்த் தோட்டம் கைவிட்ட நிலம். தோட்ட மேனேஜரை இன்னமும் துரை என்றுதான் சொல்கிறார்கள். அந்தத் துரையிடம் கெஞ்சிக் கேட்டு, ஒவ்வொரு தைக்கும் ஒருதடவை போய்த் தலையைச் சொறிந்து நின்று, புருஷனும் பெண்சாதியுமாகக் காடு வெட்டி உருவாக்கிய இடம் அது. அதிலிருந்துதான் சோறு. இப்போது பக்கத்தில் பெரிய ஹோட்டல் எழும்புகிறது. ஆள் உயரத்துக்கு மேல் தகரத்தால் சுற்றி அடைத்து, உள்ளே என்ன நடக்கிறது என்று ஈ எறும்புக்குக் கூடத் தெரியாமல் கட்டுகிறார்கள். "இந்தக் குப்பை எங்களுக்குப் பொருந்தாது" என்று அவர்கள் துரையிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சரிவை மட்டம் தட்டி வேன் நிறுத்த விட்டுவிடுவார்கள். பிறகு அவன் கூடாரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கே போவான்?

உள்ளே மேசன் வேலை செய்கிற வீரய்யா தோட்டத்து வரிசை வீடுகளில், அவர்களோடு ஒரே லயத்தில் இருக்கிறவன். அவனை வளைத்துப் பிடித்தான்.

"உள்ள என்னடா கட்டுறீங்க?"

"கேக்காதீங்கண்ணே. சொல்லக்கூடாதுன்னு அந்த மிஸ்ஸு எல்லாருகிட்டயும் சத்தியம் வாங்கியிருக்கு. மாரியம்மா மேல."

"யாழ்ப்பாணத்து மிஸ்ஸுக்கு நம்ம மாரியம்மா எப்படிடா தெரியும்?"

"விசாரிச்சுத்தான் கேட்டுச்சு. வேற எது மேல சத்தியம் பண்ணாலும் மீறிருவோம்னு யாரோ சொல்லிட்டானுங்க." வீரய்யா சுற்றும் முற்றும் பார்த்தான். "ஒண்ணு மட்டும் சொல்றேன். ரெண்டு இடமும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணுமாம். ஞாயித்துக்கெழமை மிஸ்ஸு உங்க பக்கம் நேர்ல பாக்க வருது."

அன்றைக்குச் சாயங்காலமே சின்னராசா கொட்டகலைக்கு பஸ் ஏறினான். சலூன்காரனுக்குத் தெரியாத சங்கதி மலையில் கிடையாது.

"என்ன தீமா?" சலூன்காரன் கத்தரியை நிறுத்தாமலே சொன்னான். "இந்தப் பக்கம் ஹோட்டல் கட்டினா வெள்ளைக்காரத் துரை பங்களாதான். வெள்ளைச் சுவரு, ரோசாச் செடி, கோட்டுப் போட்டுப் பரிமாறுற அப்பு. வேற என்னத்தக் கட்டப்போறான்?"

சரிதானே. வேறு என்னத்தைக் கட்டப்போகிறான்? சின்னராசா ஒரு வாளி வெள்ளைப் பெயின்டோடு திரும்பி வந்தான்.

மறுநாள் காலையில் கக்கூசின் பழைய தகரங்களைக் கழற்றி வேலியோரம் எறிந்தான். கக்கூசை நேராக நிமிர்த்தி, புதுத் தகரம் அடித்து, வெள்ளைப் பெயின்ட் பூசினான். எறிந்த தகரங்களை வீரய்யா வந்து தடவித் தடவிப் பார்த்தான்.

"இத நான் எடுத்துக்கவாண்ணே?"

"எடுத்துட்டுப் போ. ஆட்டுப்பட்டிக்கா?"

வீரய்யா ஏதோ பட்டுச்சேலையைத் தூக்குகிற பக்குவத்தில் தூக்கிக்கொண்டு போனான். துருப்பிடித்த தகரத்தை இவ்வளவு ஆசையாகத் தூக்கும் மனுஷனைச் சின்னராசா பார்த்ததில்லை. இருந்தாலும் அவனுக்கு அப்போது யோசிக்க நேரம் ஏது?

அடுத்து நீலத் தறப்பாள். துரை பங்களாவுக்குப் பக்கத்தில் நீலத் தறப்பாளா? எல்லாவற்றையும் சுருட்டி வைத்துவிட்டு, பூரணியிடம் வீட்டில் இருந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகளை எல்லாம் கேட்டான்.

"எங்க அம்மா கல்யாணத்துக்குக் குடுத்த விரிப்புங்க அது."

"நெலம் போச்சுன்னா விரிப்ப விரிச்சு எங்க படுப்ப?"

பூரணி பெட்டியைத் திறந்து விரிப்புகளை எடுத்தாள். முணுமுணுத்துக்கொண்டே தைத்துக் கொடுத்தாள். கூடாரங்கள் வெள்ளையாயின. மிச்சத் துணியைச் சும்மா விடுவானேன் என்று, ரோட்டிலிருந்து கேம்புக்கு ஏறும் பாதை நெடுக இரண்டு பக்கமும் கம்பு நட்டுக் கயிறு கட்டி, துண்டு துண்டாகக் கிழித்துத் தொங்கவிட்டான். தூரத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்று இருந்தது. அந்தப் பக்கமாகப் போன ஹட்டன் பஸ் வேகத்தைக் குறைத்து, பாட்டை நிறுத்தி, மெதுவாகத் தாண்டிப் போயிற்று.

"பாத்தியா," என்றான் பூரணியிடம். "பஸ்காரன் கூட மரியாத குடுக்கிறான்."

வட்டவளை மழைக்கு மரியாதை தெரியாது. மத்தியானமே பிடித்துக்கொண்டது. தறப்பாள் தாங்கிய மழையைப் படுக்கை விரிப்பு தாங்குமா? கூடாரத்துக்கு உள்ளே வெளியே என்ற வித்தியாசமே இல்லாமல் பெய்தது. அந்த நேரம் பார்த்து, ஒவ்வொரு லீவுக்கும் கொழும்பிலிருந்து கூட்டாளிகளோடு வருகிற நிரோஷன் வந்து இறங்கினான். பாதையிலேயே நின்றுவிட்டான்.

"அங்கிள், என்ன இது? ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு."

"துரை ஸ்டைலு தம்பி."

"எங்களுக்கு அந்த நீலக் கூடாரம்தான் வேணும். அந்தப் புகை, அந்தக் கேத்தல். அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வாறோம்."

கேத்தலையும் பூரணி சாம்பல் போட்டுத் தேய்த்துக் கண்ணாடியாக்கி வைத்திருந்தாள். நிரோஷன் அதில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, கூட்டாளிகளை அழைத்துக்கொண்டு அடுத்த ரயிலுக்கே போய்விட்டான்.

இருந்த ஆட்களும் போனார்கள். "இப்ப நிம்மதியா?" என்றாள் பூரணி. நிம்மதி எங்கே வரும்? ரோசாத் தொட்டிகள் வாங்கி வைத்தால் லயத்து ஆடுகள் வந்து பூவோடு தின்றன. ஆட்டைத் தடுக்க முள்கம்பி சுற்றினால், அதில் விரிப்புகள் மாட்டிக் கிழிந்தன. கிழிந்ததை எல்லாம் மறுபடி கொடியாகப் பாதையில் கட்டினான். எதைச் செய்தாலும் கடைசியில் வெள்ளைதான் கூடிக்கொண்டு போயிற்று.

சனிக்கிழமை பூரணியின் தம்பி கஜேந்திரன் ஹட்டனிலிருந்து வந்தான். புடவைக் கடையில் வேலை செய்கிறவன். எதைக் கேட்டாலும் தெரியும் என்பான். அவனுக்கு யாரோ ஒரு பழைய அப்புவின் வெள்ளைக் கோட்டை மாட்டிப் பார்த்தார்கள். தோள்பட்டை கொஞ்சம் இறக்கம், மற்றபடி பொருத்தம்.

"இன்னும் ஒண்ணு கொறையுது," என்றான் சின்னராசா. "துரை காலத்துல வெடியக்காலம் தப்படிச்சுத்தான் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குக் கூப்பிடுவாங்களாம். மிஸ்ஸு வேன்ல இருந்து எறங்குறப்ப தப்பு கேக்கணும். அப்பதான் எடுப்பா இருக்கும். ஆனா தப்படிக்கிறவரு ராகலைத் திருவிழாவுக்குப் போயிட்டாரு. தப்பு மட்டுந்தான் கோயில்ல இருக்கு."

"நான் அடிக்கிறேன் மச்சான்."

"பெரட்டு அடி தெரியுமாடா ஒனக்கு?"

"சின்னதுல இருந்து கேட்டுக்கிட்டுத்தானே இருக்கோம். தெரியாம என்ன?"

இங்கேதான் சின்னராசா கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். பெரட்டுக்கு ஆள் கூப்பிட இப்போது தப்பா அடிக்கிறார்கள்? தப்பு போய்ச் சங்கு வந்து எத்தனையோ காலமாயிற்று. கஜேந்திரன் சின்னதிலிருந்து கேட்ட தப்பு வேறு.

ஞாயிற்றுக்கிழமை காலை. மழை விட்டிருந்தது. வளைவில் ஹோட்டல் வேன் தெரிந்ததும் சின்னராசா கையை அசைத்தான். வெள்ளைக் கோட்டில் நின்ற கஜேந்திரன் கண்ணை மூடிக்கொண்டு, உயிரைக் கொடுத்து அடித்தான்.

ஈர விறகைப் பற்றவைக்கப் போராடிக்கொண்டிருந்த பூரணி கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். "அடப்பாவி, நிறுத்துடா. அது சாவு அடிடா."

அவன் காதில் எங்கே விழுந்தது? லயங்களின் காதில்தான் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஒருத்தரும் வேலைக்குப் போகவில்லை. கதவுகள் திறந்தன. கேம்பைப் பார்த்தார்கள். பாதை நெடுகச் சாவு வீட்டுக்குக் கட்டுகிற வெள்ளைக் கொடி. வெள்ளைக் கோட்டில் பூரணியின் தம்பி. வாசலில் கண் சிவக்கப் பூரணி. இதற்கு மேல் யாரிடம் என்ன விசாரிக்க வேண்டும்?

முதலில் வந்தது ஜீவராணி அக்கா. லயத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் முதல் குரல் அவளுடையதுதான். பூரணியைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுது முடித்துவிட்டுத்தான், "யாருடி போனது?" என்று கேட்டாள்.

"ஒருத்தரும் போகலக்கா."

"அதிர்ச்சியில பேசுது," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு இரண்டாவது பாட்டத்தை ஆரம்பித்தாள்.

அதற்குள் மரண உதவிச் சங்கத்து ஆட்கள் ஏறி வந்துவிட்டார்கள். அவர்களுக்கு வேலை செய்யத்தான் தெரியும், கேள்வி கேட்கத் தெரியாது. ஈரத்தில் சனம் எப்படி உட்காரும் என்று, சுருட்டி வைத்திருந்த நீலத் தறப்பாள்களை எடுத்து வெள்ளைக் கூடாரங்கள் மேல் இழுத்துக் கட்டினார்கள். மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார்கள். பளபளத்த கேத்தல் அடுப்பில் ஏறி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரியானது. யாரோ புதுக் கக்கூசில் முதுகைச் சாய்த்தார்கள். அது பழையபடி ஒரு பக்கம் சாய்ந்தது. போகிற வருகிற கால்களில் பாதை சேறாயிற்று. புகை கேம்ப் முழுக்கப் படர்ந்தது.

"ஐயா சாமிகளா, நான் உசுரோடதான் இருக்கேன்," என்று சின்னராசா ஒவ்வொருத்தராகப் பிடித்துச் சொன்னான்.

"நீ இருக்கடா. இல்லேன்னு யாரு சொன்னா? மனசத் தேத்திக்க," என்று முதுகில் தட்டி, கையில் ஒரு பிளேன்டீயைக் கொடுத்தார்கள்.

பிளேன்டீயோடு அவன் திரும்பினால் எதிரே பிரேமினி மிஸ் நிற்கிறாள். காலில் சப்பாத்தெல்லாம் சேறு. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது, இனி நாளைக்கே கூடாரத்தைப் பிடுங்க வேண்டியதுதான் என்று நினைத்தான்.

"ஆரும் மோசம் போயிட்டினமோ?" என்று அவள் மெல்லக் கேட்டாள்.

"இல்லைங்க மிஸ். தப்ப மாத்தி அடிச்சுட்டான்."

"ஒருத்தரும் சாகேல்லையே? உண்மையா?"

"மாரியம்மா மேல சத்தியமாங்க."

அவள் பெருமூச்சு விட்டாள். பிறகு தறப்பாளைப் பார்த்தாள், புகையைப் பார்த்தாள், சாய்ந்த கக்கூசைப் பார்த்தாள். கரி பிடித்த கேத்தலைப் பார்த்தபோது அவள் முகமே மலர்ந்துவிட்டது. போனை எடுத்து மறுபடியும் படம் எடுக்க ஆரம்பித்தாள்.

"இனி ஒண்டையும் மாத்தாதேங்கோ ஐயா. முந்தநாள் பலகையில ஏறிப் பாத்தனான், எல்லாம் வெள்ளையாக் கிடந்தது. எனக்கு நெஞ்சே நிண்டு போச்சு. எங்கட ஹோட்டல்ல தங்கிற ஆக்கள் காலமை ஜன்னலைத் திறந்தா இதைத்தான் பாக்கவேணும்."

"அப்ப... நெலம்ங்க மிஸ்?"

"நாங்கள் துரையோட கதைச்சிட்டம். நீங்கள் இஞ்சயிருந்து போகவே கூடாது எண்டு சொல்லியிருக்கிறம்."

சொல்லிவிட்டு, சங்கத்து ஆள் நீட்டிய பிளேன்டீயை வாங்கிக் குடித்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

சின்னராசா அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். பூரணியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இப்போது அவள் கண்ணில் வந்தது புகையால் வந்த கண்ணீர் இல்லை. யாரும் சாகவில்லை என்று ஒருவழியாகப் புரிந்துகொண்ட சனம், மூட்டிய அடுப்பை வீணாக்குவானேன் என்று ரொட்டிக்கு மாவு பிசைந்தது. கஜேந்திரன் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு யார் கண்ணிலும் படாமல் விறகு பிளந்தான். வெள்ளிக்கிழமை வருவதாக நிரோஷனிடமிருந்து போன் வந்தது. சங்கத்து ஆள் ஒருவன் கேம்ப் படத்தைப் போனில் போட்டிருந்தானாம்.

பயம் விட்டதும் மனுஷனுக்குச் சந்தேகம் வரும். சின்னராசாவுக்கும் வந்தது. துரை பங்களா ஜன்னலைத் திறந்தவன் எதற்காகச் சாய்ந்த கக்கூசைப் பார்க்க வேண்டும்? ரொட்டியைச் சம்பலில் தொட்டுக்கொண்டிருந்த வீரய்யாவின் பக்கம் நகர்ந்தான்.

"வீரய்யா, எனக்கு ஒண்ணும் வெளங்கலடா. துரை பங்களாவுக்கும் இந்தக் கூத்துக்கும் எப்படிடா பொருந்தும்?"

வீரய்யா வாயில் இருந்ததை விழுங்கினான். நாளைக்குச் சுற்றுத் தகரத்தைக் கழற்றப்போகிறார்கள், இனி சொன்னால் மாரியம்மா கோபிக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டான்.

"பங்களாவா? உங்க கேம்பப் பாத்துப் பாத்துத்தாண்ணே உள்ள அப்படியே கட்டிக்கிட்டு இருக்கோம். கக்கூசுக்குத்தான் அந்தத் துரு சரியா வரல, உங்க தகரத்தையே கொண்டுபோய் அடிச்சிட்டோம்."