நாணல்முனைப் பாலமும் கந்தூரிக் கிடாரமும்

ஒரு வளர்முக நாடு வளர வேண்டுமானால் ரோடு, பாலம், தண்ணீர், வெளிச்சம் எல்லாம் பிறகு. முதலில் ஆலோசனை வேண்டும். ஆலோசனை இல்லாமல் கட்டிய பாலத்தில் மனிதர்கள் சும்மா நடந்துவிடுவார்கள். அதை அபிவிருத்தி என்று எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இந்தப் பேருண்மையை எங்களுக்கு உணர்த்தியவர் ஆலோசனைப் பொறியியலாளர் முஹ்ஸின் அவர்கள். அன்னார் வருமுன் நாங்கள் வெறும் ஊர்ச்சனமாக இருந்தோம். வந்தபின் 'பயனாளிகள்' ஆனோம்.

நாணல்முனையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கல்முனையில் பஸ் ஏறி, இரண்டு ஆமிச் சென்றிபொயின்டில் சோதனைக்கு இறங்கி ஏறினால் எங்கள் ஊர். மேற்கே தோணா, கடலுக்கு ஓடும் நீரோடை. அதற்கு அங்கால் வயற்காணியும், அக்கரைவெட்டை என்ற குடியிருப்பும். கோடையில் தோணா முழங்கால் தண்ணீர்தான். மாரியில் அது ஆளைக் கொண்டுபோகும். அதனால் வருசா வருசம் மழைக்கு முன் ஊர் கூடி, தென்னங்குத்திகளை, வெட்டிய தென்னை மரங்களை, குறுக்கே போட்டு ஒரு பாலம் கட்டிக்கொள்வோம்.

போன மாரியில் வெள்ளம் குத்திகளையும் கொண்டுபோனது. அக்கரைவெட்டை றாபியாவுக்கு அன்றைக்குப் பார்த்துப் பிள்ளைபெற நோக்காடு கண்டது. ஆசுபத்திரி இங்கால், அவள் அங்கால். பிள்ளை தோணாக் கரையிலேயே பிறந்து கரையிலேயே மௌத்தாகியது. அந்தத் துக்கம் தாங்காமல்தான் கொங்கிறீட் பாலம் வேண்டும் என்று மேலிடத்திடம் கேட்டோம். மேலிடமும் மனமிரங்கியது. பாலத்தை அனுப்பவில்லை, முஹ்ஸினை அனுப்பியது.

ஆவணி மாதம், இரண்டு வெள்ளைப் பஜிரோ ஜீப்பில் வந்து இறங்கினார். தலையில் தொப்பி, இடுப்பில் ஒரு பை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. பள்ளிவாசல் முற்றத்தில் 'பயனாளிகள் கலந்தாலோசனைச் செயலமர்வு' நடந்தது. அதாவது, கூட்டம் நடந்தது.

"உங்களுக்குப் பாலம் தேவை எண்டு எப்படித் தெரியும்?" என்று ஆரம்பித்தார் முஹ்ஸின்.

பள்ளிவாசல் தலைவர் அச்சிமுகம்மது ஹாஜியார் திகைத்துப்போனார். "நடுவுல தண்ணி இரிக்கி சேர். அங்கால ஆக்கள் இரிக்காங்க."

"அது உங்கட அபிப்பிராயம். தரவு இல்ல. ஒரு சாதாரண நாளில எத்தின பேர் தோணாவக் கடக்கிறாங்க? எண்ணிப் பாத்தீங்களா?"

நாங்கள் வெட்கப்பட்டோம். எத்தனை காலமாகக் கடந்திருக்கிறோம், ஒரு நாளாவது எண்ணினோமா? காட்டுச் சனம்!

முஹ்ஸின் பெருந்தன்மையோடு மன்னித்தார். ஐப்பசியில் எண்ணுவதற்கு ஆட்களை அனுப்புவதாகவும், அன்றைக்குப் பெரிய ஆலோசகரான வெள்ளைக்காரத் துரையே நேரில் வருவார் எனவும், அதுவரை ஒருவரும் தென்னங்குத்தி போடக்கூடாது எனவும் பணித்தார்.

அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து றாபியா எழும்பினாள். அவள் மறுபடியும் உண்டாகியிருந்தாள். மார்கழிக்குத்தான் கணக்கு.

"ஏன் சேர் போடக்கூடா? நீங்க கொங்கிறீட்டு கட்டுங்க, வாணாம் எண்டு ஆர் சொன்ன? அதுவரைக்கும் குத்தி கிடந்தா ஆருக்கு நட்டம்?"

"குத்தி போட்டா உங்கட கஷ்டம் குறையும் தங்கச்சி. கஷ்டம் குறைஞ்சா தேவை குறையும். தேவை குறைஞ்சா பாலம் வராது. ஆய்வு முடியிற மட்டும் நீங்க கஷ்டத்த அப்பிடியே வெச்சிரிக்கணும்."

"மார்கழில எனக்கு நோக்காடு வருமே சேர். அதையும் அப்பிடியே வெச்சிரிக்கவா?"

"இரி புள்ள!" என்று அதட்டினார் ஹாஜியார். "படிச்ச மனிசன் கதைக்காரு. ஒனக்காகத்தானே எல்லாம்."

கஷ்டத்தைப் பத்திரமாக வைத்திருப்பதென்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். வெட்டி வைத்திருந்த தென்னங்குத்திகளைப் பள்ளிவாசல் மதிலோரம் அடுக்கினோம்.

அதற்குப் பிறகு ஊருக்கு ஆலோசனைப் பைத்தியம் பிடித்தது. இளந்தாரிகள் இடுப்புப் பை இல்லாமல் கடற்கரைக்குப் போவதில்லை. உள்ளே பீடிக்கட்டுத்தான். சலூன்காரன் மஜீட் தன் போர்டை அழித்து 'சிகை ஆலோசகர்' என்று எழுதினான். வந்தவனை இருத்தி, மண்டையைச் சுற்றி மூன்று தரம் நடந்து, "ஒங்கட தலைக்கு வெட்டுறது சாத்தியமா எண்டு முதல்ல பாக்கணும்" என்பான். சனமும் வெட்டாத தலையோடு சந்தோசமாகத் திரும்பியது. சீனிமுகம்மதுவின் வீட்டுக் கூரை ஒழுகியது. ஓலை மாற்றச் சொன்ன பெண்சாதியிடம், ஒழுக்கைக் கலைக்கக்கூடாது, எங்கே எவ்வளவு ஒழுகுகிறது என்று முதலில் அறிய வேண்டும் என்று விளக்கினான். அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போனாள். அவளுக்கு அபிவிருத்தி விளங்கவில்லை.

ஐப்பசி பிறந்தது. முதல் மழையோடு தோணாவில் நெஞ்சளவு தண்ணீர். எண்ணும் நாளும் வந்தது.

எங்கள் பகுதியில் எதிரி வீட்டுக்கு வந்தாலும் சோறு தின்னாமல் அனுப்ப மாட்டோம். இது எங்கள் பெருமை. அப்படியிருக்க, கடல் கடந்து வருகிற துரையை வெறும் வயிற்றோடு அனுப்பவா? ஹாஜியார் கந்தூரி என்று அறிவித்துவிட்டார். மூன்று கிடா, நெய்ச்சோறு, வட்டிலப்பம். இதற்கென்று சோறாக்க ஒரு புதுக் கிடாரம் வந்தது. அதன் வாய்க்குள் இரண்டு ஆள் தாராளமாகக் குந்தியிருக்கலாம். முழு ஊரும் சமுகமளித்துத் துரையை மதிக்க வேண்டும், ஒருவரும் வயலுக்குப் போகக்கூடாது என்று பள்ளிவாசல் லவுட்ஸ்பீக்கர் இரண்டு நாளாகக் கத்தியது. அக்கரைவெட்டைச் சனத்தைத் தோணிக்காரன் சரீப் விடியற்காலைச் சுபஹுக்கு முன்பே இங்கால் ஏற்றி முடித்து, தோணியைக் கட்டிவிட்டு, கிடாரத்துக்கு நெருப்பெரிக்கப் போய்விட்டான். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு எல்லாரையும் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு.

விடிந்தது. எண்ணுவதற்கு நியமிக்கப்பட்ட பாண்டிருப்பு வினோஜா, தோணாக் கரையில் குடையை விரித்து உட்கார்ந்தாள். நேர்மையான பிள்ளை. கண்ணை அங்கே இங்கே எடுக்கவில்லை. ஆனால் கடப்பதற்கு ஆள்தான் இல்லை. எல்லாரும் பள்ளி முற்றத்தில் சஹன் தட்டைச் சுற்றி அறுவர் அறுவராக உட்கார்ந்து, துரையின் முகத்தைப் பார்த்தபடி இருந்தோம்.

வினோஜாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனவன் நான். அப்போது அக்கரையில் ஒரு பெண் நின்று கையை ஆட்டினாள். றாபியா. வயிற்றைத் தூக்கிக்கொண்டு இருட்டில் தோணியேற ஏலாமல் அவள் மட்டும் நின்றுவிட்டாளாம்.

"தங்கச்சீ! என்னயும் எண்ணிட்டியா?"

"நீங்க கடக்கல்லயே அக்கா!"

"எப்பிடிக் கடக்கிற? பாலமும் இல்ல, தோணிக்காரனும் சோத்துக்குப் போயிட்டான்!"

"கடந்தாத்தான் எண்ணலாம் அக்கா. நிக்கிற ஆக்களுக்கு இந்தத் தாளில இடம் இல்ல!"

றாபியா சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். இடுப்பளவு வந்ததும் நீர் இழுக்க, வினோஜா பதறி, "வேணாம் அக்கா! வேணாம்! திரும்புங்க!" என்று கத்தினாள். றாபியா திரும்பிப் போய்க் கரையில் குந்திக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ஒரு எருமை, எவரிடமும் ஆலோசனை கேளாமல், அங்காலிருந்து இங்கால் நீந்தி வந்தது. வினோஜா அதைப் பதிந்தாள்.

அறிக்கை ஒரு மாதத்துக்குள் வந்துவிட்டது. பூச்சியத்தைக் கூட்டிக் கழிக்க நேரம் எடுக்காதல்லவா! தடித்த புத்தகம், அட்டையில் எங்கள் கந்தூரியின் கலர்ப்படம். முஹ்ஸினே வந்து வாசித்துக் காட்டினார். ஆய்வு நாளில் தோணாவைக் கடந்த மனிதர்: எவருமில்லை. கால்நடை: ஒன்று. அதற்கும் பாலம் தேவைப்படவில்லை. ஆகவே பாலத்துக்கான தேவை இப்பிரதேசத்தில் இல்லை. ஆனால் ஒரு சாதாரண நாளில் முழுச் சனத்தொகையும் வெட்டவெளியில் குந்தியிருந்து உணவருந்துவது அவதானிக்கப்பட்டது. எனவே இம்மக்களின் உண்மையான தேவை ஒரு மண்டபம்.

"அண்டைக்குச் சாதாரண நாள் இல்லையே சேர்! கந்தூரி நாளெல்லோ!" என்றேன் நான்.

"அதை முன்னமே எழுத்தில அறிவிச்சிரிக்கணும்."

ஹாஜியார் என் தொடையில் கிள்ளினார். "பேசாம இரி தம்பி. மண்டபம் எண்டா லேசா? கலியாணம் காட்சி எல்லாம் வெக்கலாம். பாலத்துல ஆர் கலியாணம் வெக்கிற?"

ஊர் யோசித்துப் பார்த்தது. சரியாகத்தான் பட்டது. அடிக்கல் நாட்டுவிழாவுக்குப் பெரிய பந்தல் போட்டோம். பந்தலுக்குக் கால் வேண்டும். மதிலோரம் அடுக்கியிருந்த தென்னங்குத்திகளை வெட்டி நட்டோம். மண்டபம் இன்றுவரை அடிக்கல்லாகவே இருக்கிறது.

மார்கழியில் வெள்ளம் வந்தது. சரீபின் தோணி கட்டறுத்துக் கடலுக்குப் போய் உடைந்தது. அன்று பின்னேரம் அஸருக்குப் பிறகு அக்கரையில் பெண்கள் கூக்குரலிட்டார்கள். றாபியாவுக்கு நோக்காடு. ஆசுபத்திரி மிட்வைப் மீனாம்பிகை பையும் கையுமாக ஓடிவந்தார். கடக்க ஒன்றுமில்லை. அச்சிமுகம்மது ஹாஜியார் தலையிலடித்துக்கொண்டு அழுதார்; நாங்களும் அழுதோம். அழுகையில் ஒரு குறையும் வைக்கவில்லை. கடைசியில் சரீப்தான் கந்தூரிக் கிடாரத்தை உருட்டிக்கொண்டு வந்தான்.

"ஏறுங்க மிஸி!"

"என்னயும் சமைக்கப் போறிங்களா என்ன?" என்று கேட்டுக்கொண்டே மீனாம்பிகை ஏறிக் குந்தினார். கயிறு கட்டி, சரீப் நீந்திப் போய் அக்கரையிலிருந்து இழுத்தான். கிடாரம் சுழன்று சுழன்று போய்ச் சேர்ந்தது. பெண்பிள்ளை, உயிரோடு பிறந்தது. றிஸ்னா என்று பெயர் வைத்தார்கள். அன்று முதல் தோணாவின் இரண்டு கரைக்கும் கயிறு கட்டி, கிடாரத்திலேயே போய்வந்தோம்.

இந்தச் செய்தி எப்படியோ மேலே போனது. அடுத்த ஐப்பசியில் முஹ்ஸினும் துரையும் மறுபடி வந்தார்கள். எங்கள் கிடாரம் 'உள்ளூர் மக்களின் புத்தாக்கப் போக்குவரத்துச் சாதனம்' ஆகிவிட்டதாம். ஒரு நாளில் அது எத்தனை தரம் கடக்கிறது என்று எண்ண வேண்டுமாம். ஆய்வு முடியும்வரை குத்தி, தோணி ஒன்றும் கூடாது. வினோஜா குடையை விரித்து உட்கார்ந்தாள்.

துரை இரண்டாந்தரம் வருகிறார். முதல் தரத்தைவிடக் குறைவாகவா செய்வது? ஆறு கிடா. இத்தனை சோற்றுக்கு ஊரில் ஒரேயொரு கிடாரம்தான். விடிய முன்பே கயிற்றிலிருந்து அவிழ்த்து, கழுவி, அடுப்பில் ஏற்றிவிட்டோம்.

நாங்கள் சஹனில் கைவைத்த நேரம் வினோஜா ஓடிவந்தாள். குடையைக்கூடக் கரையில் விட்டுவிட்டாள்.

"கிடாரத்தத் தாங்க! றாபியாக்காட புள்ளைக்கு நெருப்பாக் காயுதாம், கை கால் இழுக்குதாம். தூக்கிக்கொண்டு அங்கால கரையில நிக்கிறாங்க!"

ஹாஜியார் எழுந்து கிடாரத்தை எட்டிப் பார்த்தார். "இன்னும் பாதிச் சோறு இரிக்கே மகள். இந்தப் பந்தியோட முடிஞ்சிரும். கொஞ்சம் பொறுக்கச் சொல்லு."

வினோஜா முஹ்ஸின் பக்கம் திரும்பினாள். அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "சேர், அவங்க ஒண்டு கேட்டுவரச் சொன்னாங்க. பாலம் ஒண்டு வாறதுக்கு எத்தின புள்ள மௌத்தாகணும் எண்டு உங்கட புத்தகத்தில இரிக்கா எண்டு."

முஹ்ஸின் துரைக்கு மொழிபெயர்த்தார். துரை மெல்லுவதை நிறுத்தி, கவலையோடு தலையாட்டி, நீளமாக ஏதோ சொன்னார்.

"மிக முக்கியமான கேள்வியாம்" என்றார் முஹ்ஸின். "அதுக்கெண்டு தனியா ஒரு ஆய்வு செய்யத்தான் வேணுமாம்."

ஹாஜியாரின் முகம் மலர்ந்தது. கையை வழித்துக்கொண்டே, "அப்ப மறுகாவும் வருவீங்கதானே சேர்? இன்னுமொரு கிடாரம் வாங்கி வெக்கிறம்" என்றார்.

வாங்கத்தான் வேண்டும் என்று நாங்கள் எல்லாரும் சொன்னோம். பிறகு சஹனுக்குத் திரும்பினோம்.