எழுதாத இடமெல்லாம் பூச்சியமா?

மாதாவே துணை
இடைசெவல்,
செவ்வாய்க்கிழமை

பாசமுள்ள மகள் இவாஞ்சலினுக்கு அப்பா வேதமாணிக்கம் எழுதுவது. இங்கு மாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இரண்டு ஆடுகளும் சுகம். பெங்களூரில் உன் சுகத்தையும் உன் மேனேஜரின் மனமாற்றத்தையும் வேண்டுகிறோம்.

நிற்க. போன தடவை வந்தப்போ, "சிப்பு செய்யுததுக்கு முந்தி கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்து எழுதுன ஃபைலுப்பா, எந்தக் கம்பியில எப்போ கரண்டுன்னு என் பைத்தான் ப்ரோக்ராம் பிரிச்சுச் சொல்லணும், தப்புத் தப்பாச் சொல்லுது, மாசக் கடைசிக்குள்ள சரியாகலன்னா வேலை போயிரும்"னு அழுதுட்டு, நாலு தாளை மேசையிலயே விட்டுட்டுப் போனல்லா, வினை அதுலதான் ஆரம்பிச்சுது. மேல் தாள்ல கோடு கோடா ஏறி எறங்கிக் கெடந்துச்சா, கடைசிக் கோடு மட்டும் நேராக் கெடந்துச்சா, உன் அம்மா ஈ.சி.ஜி.ன்னு நெனச்சு "ஐயோ, எம்புள்ள நெஞ்சு!"ன்னு அதைத் தூக்கிட்டுக் கோயிலுக்கு ஓடிட்டா. நான் கத்துனது காதுல விழுந்தால்லா! ஞாயித்துக்கிழமைப் பூசையில சாமியார் உனக்காகச் செபிக்க, மத்தியானத்துக்குள்ள ஆறு ஹார்லிக்ஸ் பாட்டில் வந்துட்டு. பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் மதினி வாசல்லயே அழ ஆரம்பிச்சுட்டா.

மிச்சத் தாளை நான் படிச்சேன். ஃபைல்ல அஞ்சாவது நேரத்துல ஒண்ணு, அதாவது கரண்டு உண்டு; நாப்பதுல பூச்சியம், கரண்டு இல்ல; நடுவுல ஒண்ணுமே எழுதல. ஏட்டி, இது நம்ம மோட்டார் ரூம் காலண்டர்லா! கரண்டு வந்தா 'வந்துட்டு', போனா 'போயிட்டு', மாறும்போது மட்டும்தான எழுதுதேன்? எழுதாட்டா பழைய நிலவரமேதான். உன் ப்ரோக்ராம் போட்ட அட்டவணையில அஞ்சுல ஒண்ணு, அப்புறம் எல்லாத்துலயும் பூச்சியம்! எழுதாத இடத்துல பழசையே தொடரச் சொல்லுட்டி, வேலை தப்பிச்சிரும்.

போன் போட்டா "மீட்டிங்பா"ன்னு வச்சிருத. வாட்ஸ்அப்புல அனுப்புனா கட்டைவிரலைக் காட்டிட்டுப் போயிருத. அதான் கூரியர்ல அனுப்புதேன். நீ சரியாப் பேசிப் பதினோரு நாளாச்சு. "மறந்துட்டா"ன்னு அம்மா பூச்சியம் போடுதா. நான் போடல. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல ஜன்னல் வழியா எனக்குக் கை காட்டுனல்லா, அதுக்குப் பெறகு மாத்தி எதுவும் எழுதலயே. எங் கணக்குல நீ இன்னும் கை காட்டிக்கிட்டுத்தான் இருக்க. எங்களுக்காகக் கவலைப்படாத, போனும் வேண்டாம், வேலையப் பாரு.

மாதா உன்னைக் காப்பாளாக. மேனேஜருக்கு என் வணக்கம்.

அன்பு அப்பா,
வேதமாணிக்கம்

பி.கு.: போன் வேண்டாம்னு எழுதுனது சுத்தப் பொய். பதினோரு நாளுக்கு மேல பழசையே தொடர எனக்கு முடியலட்டி. கூரியரும் போடல. இன்னைக்குச் சாயங்காலம் நானும் அம்மாவும் ஆறு ஹார்லிக்ஸும் பெங்களூரு பஸ் ஏறுதோம், லெட்டரைக் கையிலயே தாரேன். படிச்சு முடிச்சுட்டியா? நிமிந்து பாரு, எதுத்தாப்புலதான் நிக்குதேன்.