வாளித் தாளச் சாமி

உமாசுதன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அடித்துக்கொண்டிருந்தபோது குளியலறைக் கதவு தட்டப்பட்டது.

"தம்பி, உள்ளுக்கை ஆரோட சண்டை பிடிக்கிறாய்?" அம்மா சரோஜினிதேவியின் குரல்.

"ஒருத்தரோடையும் இல்லையம்மா."

"அப்ப வாளி என்ன பிழை செய்தது?"

சில மாதங்களாகவே அவனுக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டு வரும், மூச்சு முட்டும். ஹிப் ஹொப் தாளத்தில் முருகனோடு வாய்க்கு வந்தபடி வழக்காடினால்தான் அடைப்பு இறங்கும். இதை வீட்டில் சொல்ல முடியுமா? ராப் என்றால் அம்மாவுக்குத் தொப்பியைத் திருப்பிப் போட்ட காவாலிகள். மனசு சரியில்லை என்றால் அதைவிட மோசம், கலியாணப் பேச்செல்லாம் வாசலோடு திரும்பிவிடும்.

"சாமியோட கதைச்சனான்" என்று பாதி உண்மையைச் சொல்லிக் கதவைத் திறந்தான்.

வியர்வை, சிவந்த கண், இன்னும் தாளம் போடும் கை. அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மெல்லக் கும்பிட்டாள்.

உமாசுதனுக்குச் சாமி வருகிறது என்ற செய்தி கொழும்பு வெள்ளவத்தையின் அந்த மாடிக் குடியிருப்பில் லிஃப்டை விட வேகமாக ஏறி இறங்கியது. பின்னேரமே மூன்றாம் மாடி ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் பொன்னம்பலம் சாமிக்கு வைக்கும் தேசிக்காயோடு வந்துவிட்டார். பின்னால் வங்கி அதிகாரி சுபோதினி கற்பூரத்தோடு.

ஒரு சொல்லும் விளங்காமல் கடகடவென்று ராப் அடித்தால் எழுந்து போய்விடுவார்கள் என்று உமாசுதன் கணக்குப் போட்டான்.

"நெஞ்சை அமுக்கும் கல்லே தள்ளு, நான் அழுதாலும் முருகா கூட நில்லு..."

சுபோதினி குலுங்கிக் குலுங்கி அழுதாள். பொன்னம்பலம் அருள்வாக்குக் கேட்பதை விட்டுவிட்டு இருந்த கதிரையின் கையில் தாளம் போட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டில் கால் வைக்க இடமில்லை.

தப்பினால் போதும் என்று உமாசுதன் தண்டவாளம் தாண்டிக் கடற்கரைக்கு ஓடினான். "சாமி கடலுக்குப் போகுதாம்" என்று முழுக் குடியிருப்பும் குடையோடு பின்னால் வந்தது. வீட்டில் இடம் காணாது என்று சாக்குச் சொல்லிப் பார்த்தான். மொட்டைமாடியில் பந்தல் போட்டு மைக்கும் ஸ்பீக்கரும் வைத்துவிட்டார்கள். அம்மா அண்டாவில் கடலை அவித்தாள்.

இப்போது மைக்கைக் கண்டாலே நெஞ்சு அடைத்தது. அதைவிட, முருகன் பெயரைச் சொல்லி இத்தனை சனத்தை ஏமாற்றுகிறேனே என்று அவனுக்கு அழுகை வந்தது. இப்படியே போனால் உள்ள ஒரே மருந்தும் கைவிட்டுப் போய்விடும்.

பந்தல் போட்ட வெள்ளிக்கிழமை, வருவது வரட்டும் என்று மைக்கைப் பிடித்தான்.

"எனக்குச் சாமி வரேல்லை. இது ராப். எனக்கு மனசு சரியில்லை. நெஞ்சு அடைக்கேக்கை இதைச் சொன்னாத்தான் மூச்சு வருது. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அம்மா கடலைக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

பொன்னம்பலம் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அடி விழப்போகிறது என்று உமாசுதன் கண்ணை மூடிக்கொண்டான். அதிபரின் கை மைக்கை வாங்கியது.

"அது முதல் நாளே எங்களுக்குத் தெரியும் தம்பி, மனசுக்கு டொக்டரிட்டைப் போனா வெள்ளவத்தை முழுக்கக் கதைக்கும், சாமி பாக்கப் போனா ஒருத்தரும் கதைக்க மாட்டினம், அதுதான் வாறனாங்கள். கொஞ்சம் தள்ளி நில்லும், இண்டைக்கு என்ர பாட்டு."