அம்மா ஏற வேண்டாத வீடு

அன்புள்ள அம்மாவுக்கு,

ரெனிட்டா எழுதுவது. ஓசூரில் நானும் வெஸ்லினும் பாப்பாவும் மாதா தயவில் நலம். ஊத்தங்கரையில் உன் முட்டியும் அண்ணன் குடும்பமும் நலமாக இருக்க வேண்டும், அதிலும் முட்டி முதலில். போனில் சொன்னால் "அடுப்புல பால் இருக்குடி" என்று வைத்துவிடுவாய், அதனால் பிளான் பேப்பரோடு சேர்த்துக் கூரியரில் போடுகிறேன். அம்மா, வீடு முடிவாகிவிட்டது! நீ ஒரு படிகூட ஏற வேண்டாம்!

"மூணாவது மாடிக்கு என்னால ஏற முடியாது. படி இல்லாத வீடாக் கட்டு, அன்னிக்கே பெட்டியத் தூக்கிட்டு வந்து உங்களோட இருக்கறேன்" என்று எங்கள் வாடகை வீட்டுக்கு வர மறுத்து நீ சொன்ன வார்த்தையை நம்பித்தான் இத்தனையும். ஆனால் நாங்கள் வாங்கியதோ கெலமங்கலம் ரோட்டிலிருந்து கீழே இறங்கும் சரிவான சைட்டு. பாப்பா கையிலிருந்து பந்து நழுவினால் கீழ்த் தோட்டத்துக் கோவிந்தன்தான் எடுத்துத் தர வேண்டும். இன்ஜினியர் முனிராஜ், "சைட்டு எறங்குதில்ல மேடம், வீடும் கூடவே எறங்கணும்" என்று சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் படி, ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் படி என்று வரைந்து வந்தார், இப்போதுதான் நடக்கிற பாப்பா அதிலெல்லாம் உருளுவதை நான் பேப்பரிலேயே பார்த்துவிட்டேன், முடியவே முடியாது என்றேன், உடனே வெஸ்லின் "மண்ணடிச்சு மட்டமாக்கிட்டா முடிஞ்சுது" என்றார், தடுப்புச் சுவர் கட்டாமல் கொட்டாதீங்க என்று முனிராஜ் கத்தக் கத்த டிப்பர் டிப்பராகச் செம்மண் கொட்டினோம், மறுநாளே மழை, அத்தனை மண்ணும் கோவிந்தனின் கொத்தமல்லி மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் மேலே ஏறி வந்து, "ஏம்மா, நீங்க குடிவர்றதுக்கு முன்னாடியே உங்க வீடு எங்க தோட்டத்துக்கு வந்துடுச்சே, வாடகைய யாருகிட்ட வாங்கறது?" என்றார். நல்ல மனுஷர், மண்ணை அள்ளவும் அவரே ஆள் பிடித்துத் தந்தார்.

அப்புறம் நானே நெட்டில் படித்து, படிக்குப் பதிலா சாய்வா ஒரு ராம்ப் போடுங்க, எங்கம்மா மூச்சு வாங்காம நடக்கணும் என்று முனிராஜிடம் சொன்னேன். அவர் வரைந்தார், வரைந்தார், அது சைட்டை ஒரு சுற்று சுற்றி, இன்னொரு சுற்றும் ஆரம்பித்துவிட்டது. "ராம்ப் முடிஞ்சுது மேடம். மிச்ச எடத்துல ஒரு பாத்ரூம் வரும். வீட்ட எங்க வெக்கறது?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் ரோட்டில் நின்றேன், அங்கேதான் தோன்றியது: நாமதான் மட்டமா நிக்கறோமே, வீடும் ரோட்டு மட்டத்துலயே நின்னா என்ன? பின்பக்கம் தூண் எழுப்பி, ஹால், சமையலறை, உன் அறை, பாத்ரூம் எல்லாம் ரோட்டு உயரத்திலேயே! நாங்கதான் தூங்கறதுக்குக் கீழே இறங்கணும், படிக்கு மேல பாப்பாவுக்காக ஒரு கதவும் உண்டு. "ஊரெல்லாம் படுக்க மாடிக்கு ஏறுறான், நான் மட்டும் பாதாளத்துக்குப் போறனா?" என்று வெஸ்லின் முனகுகிறார், முனகட்டும். முனிராஜ் பிளானிலேயே 'சூசைமேரி அம்மா ரூம்' என்று எழுதிவிட்டார் பாரேன்! நிலைவாசல் படியையும் எடுக்கச் சொல்லிட்டேன், உன் காலு தடுக்கக் கூடாது. ஆட்டோ வாசல்ல நின்னா நேரா கட்டிலுக்கே வந்துடலாம்மா!

அண்ணனுக்கும் அண்ணிக்கும் எங்கள் அன்பும் செபமும். பிளான் ஓரத்தில் மை கலங்கின இடம், பாப்பா உனக்கு வைத்த முத்தம்.

உன் ஆசீரை வேண்டும் மகள்,
ரெனிட்டா

பி.கு.: கவரை ஒட்டப் போகிற நேரத்தில் அண்ணி உங்க மாதா சபை டூர் போட்டோவை அனுப்பியிருக்காங்க. கிருஷ்ணகிரி கோட்டை மலை உச்சியில இடுப்புல கைய வெச்சுக்கிட்டு நிக்கறது யாரும்மா? "அத்தைதான் ஃபர்ஸ்ட்டு, நாங்கெல்லாம் பாதிப் படியிலயே உக்காந்துட்டோம்"னு வேற எழுதியிருக்காங்க. முனிராஜுக்குப் போன் போட்டுட்டேன். உன் ரூமு இப்ப மொட்டைமாடியில. வராம இருக்கறதுக்கு வேற காரணம் யோசி, இல்லேன்னா பெட்டியக் கட்டு.