மச்சான் கால் நீட்டிக் குளிக்க ஒரு தொட்டி

இராயபுரம்,
தபசு காலம், ஞாயிறு பூசை முடிந்து வந்து எழுதியது.

மரியாதைக்குரிய மச்சான் அலெக்ஸாண்டர் அவர்கள் சமூகத்திற்கு,

உங்கள் தங்கை ஃப்ளோரன்ஸைக் கைப்பிடித்த ஸ்டானிஸ்லாஸ் தோத்திரம் சொல்லி எழுதும் மடல். இங்கே நான், உங்கள் தங்கை, உங்கள் மருமகள் சாரா, வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பாத்டப் ஆகிய நால்வரும் ஆண்டவர் கிருபையால் சுகம். பெங்களூரில் நீங்களும் அக்காவும் அதேபோல் சுகமாயிருக்கச் சூசையப்பரை மன்றாடுகிறோம். இதை வாட்ஸ்அப்பிலேயே அனுப்பியிருக்கலாம். நீங்கள் எதற்கும் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறீர்கள். பெரியவன் கல்யாணத்துக்கு அழைத்தபோதும் கட்டைவிரல், எனக்குக் கண்புரை ஆபரேஷன் என்றபோதும் கட்டைவிரல். ஆகவே காகிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். பாஸ்கா பண்டிகை முடிந்ததும் சாராவுக்குக் கல்யாணம், அழைப்பிதழ் தனியாக வரும். நீங்கள் பெண்ணுக்குத் தாய்மாமன். பெண் கோவிலுக்குப் புறப்படும்போது தாய்மாமன் வீட்டுக்குள்ளிருந்து வர வேண்டுமே தவிர எழும்பூர் ஓட்டலிலிருந்து வாடகைக் காரில் வந்து இறங்கக் கூடாது. பெரியவன் கல்யாணத்துக்கு அப்படித்தான் வந்தீர்கள். நம் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "உங்க வீட்டுல மனுஷன் கால் நீட்டிக் குளிக்க முடியாதுப்பா, அதான் ரூம் போட்டுட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். பஹ்ரைனில் கம்பெனி குவார்ட்டர்ஸில் காலமெல்லாம் டப்பில் படுத்துக் குளித்த உடம்பு, நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் தங்கையும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஆனால் உங்களுக்கென்று வாங்கி வைத்திருந்த புதுப் போர்வையை அன்றைக்கே மடித்துப் பீரோவுக்குள் வைத்தவள், இந்த நாள்வரைக்கும் அதை யாருக்கும் எடுத்துக் கொடுக்கவில்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. துறைமுகத்து பம்ப் ஹவுஸில் ஃபிட்டராக இருந்து, கப்பல் மிதக்கிற அளவுக்குத் தண்ணீரை ஏற்றி இறக்கியவன் நான். மச்சானுக்கு ஒரு தொட்டித் தண்ணீர் காட்ட முடியாதா? காட்டிவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

டப் என்றால் ஏதோ ஒரு சாமான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது ஒரு பெரிய குடும்பம் என்பதை வண்ணாரப்பேட்டையில் சானிட்டரி கடை வைத்திருக்கும் காலித் பாயிடம் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். வார்ப்பிரும்பில் வார்த்து எனாமல் பூசியது ஒன்று. சுடுதண்ணீர் ஊற்றினால் சூடு லேசில் இறங்காதாம், ஆனால் அதை நம் மாடியில் வைத்தால் கீழ்வீட்டு ஜூடி குடும்பத்தோடு சேர்ந்துதான் நீங்கள் குளிக்க வேண்டியிருக்கும். இரும்புத் தகட்டில் எனாமல் பூசியது இன்னொன்று. விரலால் சுண்டினால் கோவில் மணி மாதிரி கேட்கிறது, ஆனால் எனாமல் ஓரிடத்தில் தெறித்தாலும் போதும், கடல்காற்று தின்றுவிடும், நம் ஜன்னல் கம்பிகளே சாட்சி. ஃபைபர் லேசு, தூக்க நன்றாயிருக்கும், வருஷம் போனால் வெளுத்துக் கோடு விழும். அக்ரிலிக் வழவழவென்று இருக்கிறது, உடம்பு பட்டால் சில்லிடுவதில்லை, அடியில் சிமெண்டும் மணலும் குழைத்து மெத்தை போட்டுவிட்டால் ஆயுசுக்கும் அசையாதாம். உருவத்திலும் பேதம் உண்டு, சிங்கக்கால் வைத்து நடு அறையில் நிற்பது, மூலையில் முக்கோணமாக உட்கார்வது, மூன்று சுவருக்கு நடுவில் ஒடுங்கிக் கிடப்பது. நம் குளியலறைக்கு மூன்றாவதுதான் சரிப்படும். உங்கள் உயரமும் என் உயரமும் ஒன்றுதானே, அதனால் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றிலும் ஏறிப் படுத்து, காலை நீட்டி, கண்ணை மூடிப் பார்த்தேன். சாரா என்னைத் தெரியாதவள்போல் குழாய்கள் இருந்த பக்கம் போய்விட்டாள். காலித் பாய்தான் பொறுமையாக வந்து நின்று, "அண்ணாத்தே, சோக்கா படுத்துகினுகீறே, நான் வேணான்னு சொல்லலை. கஸ்டமருங்கோ இன்னாவோ ஏதோன்னு வெளியவே நின்னுகினுகீறாங்கோ. கொஞ்சம் எழுந்துக்கோ" என்றார். எழுந்து, நான் படுத்திருந்த வெள்ளை அக்ரிலிக்கையே காட்டிப் பேசி முடித்தேன்.

எல்லாவற்றையும் அளந்துதான் வாங்கினேன். டப்பை அளந்தேன், குளியலறையை அளந்தேன், உங்களுக்குப் பதிலாக என்னையே அளந்தேன். மாடிப்படி திரும்புகிற இடத்தை மட்டும் அளக்கவில்லை. இதைப் புத்திக்குறைவு என்று உங்கள் தங்கை சொல்கிறாள். நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அதனால்தான் நம் தெரு அப்படியொரு காட்சியைப் பார்த்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆன ராமசுப்புவுக்கு ஒரு போன் போட்டேன். செயின் பிளாக்கும் நைலான் பெல்ட்டுமாக வந்து மொட்டைமாடிக்கு ஏறிவிட்டார். நான் நடுத்தெருவில் நின்று கைச்சைகை கொடுக்க, அவர் மேலே சங்கிலியை இழுக்க, டப் பெல்ட்டில் தொங்கி மெள்ள எழும்பியது. ஷேர் ஆட்டோக்கள் நின்றன, மணலிக்குப் போகிற டேங்கர் லாரிக்காரன்கூட இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வேடிக்கை பார்த்தான். முனையில் மீன் விற்கும் தாயம்மா, வெள்ளையாய் நீளமாய் ஒன்று நம் வீட்டு முன்னால் தொங்குவதைப் பார்த்ததும் கூடையை அப்படியே போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்து, "யாருப்பா பூட்டது? ஃப்ளோரன்ஸக்காவா?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். செத்தவள் என்று அவள் நினைத்தவளே பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, தான் உயிரோடுதான் இருப்பதாகச் சொல்ல வேண்டியதாயிற்று. இது சவப்பெட்டி இல்லை, குளிக்கிற தொட்டி என்று நான் விளக்கினேன். தாயம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "படுத்துகினா குளிப்பாங்கோ? எழுந்து நிக்க முடியாத கெய்வனா அந்த ஆளு?" என்று கேட்டாள். என் மச்சான் என்றேன். அவள் கூடையை எடுக்கத் திரும்பிப் போய்விட்டாள். பால்கனி வழியாக உள்ளே வந்த டப்புக்காகக் குளியலறைக் கதவு நிலையைப் பெயர்த்தோம், வாஷ்பேசினை ஹாலுக்கு மாற்றினோம். இப்போது டிவி பார்த்துக்கொண்டே பல் துலக்கலாம், அதுவும் ஒரு வசதிதான்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். டப்பை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், அதிலிருந்து தண்ணீரை மரியாதையாக வெளியே அனுப்புவதுதான் வேலை. அடியில் ஒரு ஓட்டை, அதற்குச் சங்கிலி கோத்த அடைப்பான். விளிம்புக்குச் சற்றுக் கீழே இன்னொரு ஓட்டை, குழாயை மறந்து திறந்து வைத்தாலும் தண்ணீர் அதன் வழியாக வழிந்து போய்விடும், ஜூடி வீட்டுக் கூரை தப்பிக்கும். இரண்டு ஓட்டையும் அடியில் ஒரே குழாயில் சேரவேண்டும், அந்தக் குழாய் ஒரு வளைவில் இறங்கி ஏறவேண்டும். அந்த வளைவுதான் டிராப். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், நிற்பதால் சாக்கடை நாற்றமும் கரப்பானும் மேலே வராது. நம் பிளம்பர் துரைக்கு இதெல்லாம் அநாவசியமாகப் பட்டது. குளியலறைத் தரை மூலையில் ஜல்லடை மூடி போட்டு ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, வாளித் தண்ணீர் போகிற நாணி டிராப், அதிலேயே டப் தண்ணீரையும் விட்டுவிடலாம் என்றான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. டப்புக்கென்று தனி டிராப், அதற்கு அப்பால் போன தண்ணீர் திரும்பி வராதபடி பம்ப் ஹவுஸில் வைப்பதுபோல ஒரு வால்வு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "நைனா, மாடிக்கு சாக்கடை ஏறி வந்துச்சின்னா அப்புறம் மெட்ராஸே இருக்காது" என்றான் துரை. மெட்ராஸ் இல்லாவிட்டாலும் என் மச்சான் குளிப்பார் என்றேன். செய்தான். அந்த டிராப்பின் அழகை நீங்கள் பார்க்க வேண்டும். பார்க்க முடியாது, டைல்ஸ் ஒட்டி மூடியாகிவிட்டது. அதனால் மூடுவதற்கு முன்பே போட்டோ எடுத்துச் சட்டம் போட்டு, ஹாலில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறேன். சாராவைப் பெண் பார்க்க வந்த சம்பந்தி அதை எந்த ஊர்ப் பாலம் என்று விசாரித்தார்.

பிறகு வெள்ளோட்டம். குழாயில் தண்ணீர் வருகிற நாள் பார்த்து, மோட்டார் போட்டு, டப்பை மேல் ஓட்டைவரை நிரப்பினேன். துரை, காலித் பாய், ராமசுப்பு, ஜூடி எல்லோரும் குளியலறை வாசலில் நெருக்கியடித்து நின்றார்கள். அடைப்பானைப் பிடுங்கினால் தண்ணீர் எப்படிச் சுழித்து இறங்குகிறது என்று காட்டுவதற்காக நான் முழுக்கையை மடித்துவிட்டுச் சங்கிலியைத் தொட்டேன். உங்கள் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல தண்ணிய தொறந்து வுட்டுட்டு நாளைக்கு இன்னா பண்றது? உன் டிராப்பு போய் லாரி தண்ணி புடிச்சிகினு வருமா?" என்றாள். நியாயம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஒருவர்கூட என் பக்கம் இல்லை. நம் தெருவில் காலி வாளியைப் பார்த்தாலே மனசு கேட்காதவர்கள், இவ்வளவு பெரிய தொட்டி நிறையத் தண்ணீரைப் பார்த்துவிட்டு எப்படி விடுவார்கள். துரையே கையைக் கட்டிக்கொண்டு, அக்கா சொல்றது கரெக்ட்டுதான் என்றான். அன்றைக்கே ஃப்ளோரன்ஸ் டப்பின்மேல் ஒரு பலகையும் பலகையின்மேல் லேஸ் துணியும் போட்டுவிட்டாள். இதுவரை அதில் யாரும் குளிக்கவில்லை. டிராப் காய்ந்து போகக் கூடாதே என்று அவள் பார்க்காத நேரமாக மேல் ஓட்டையில் மட்டும் தினம் ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொல்கிறேன். போன வாரம் மெயின் பைப் உடைந்து தெருவுக்கே தண்ணீர் நின்றுபோனது, லாரியும் வரவில்லை. அப்போது சந்து முழுக்க நம் மாடிப்படியில்தான் குடத்தோடு நின்றது. தாயம்மா இரண்டு குடம் இறக்கிவிட்டு, "உன் மச்சான் நல்லா இருக்கட்டும்பா, அந்த ஆளு சோம்பேறியா பொறந்ததாலதான் இன்னைக்கு எங்க வூட்டுல ஒலை கொதிக்குது" என்று வாழ்த்திவிட்டுப் போனாள். பஹ்ரைனில் உங்கள் டப்புக்கு இந்த மரியாதை கிடைத்திருக்குமா? எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. குழாயில் தண்ணீர் வந்த அன்றே தொட்டியையும் மறுபடி நிரப்பிவிட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நேற்று ஃப்ளோரன்ஸ் தானாகவே வந்து, கல்யாணத்தன்று காலையில் மட்டும் பலகையை எடுக்கலாம், அண்ணன் ஆசை தீரப் படுத்துக் குளிக்கட்டும், குளித்து முடித்ததும் அவ்வளவு தண்ணீரையும் திறந்துவிடு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றாள். ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தினால் வீட்டை ரெண்டாக்குகிறவள் சொல்கிற வார்த்தை இது. உங்கள்மேல் அவளுக்கு எவ்வளவு பாசம் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள்.

ஆகவே மச்சான், ஓட்டல் பேச்சே எடுக்காமல் நேராக வீட்டுக்கு வரவும். பதிலுக்குக் கட்டைவிரல் காட்ட வேண்டாம், வாயைத் திறந்து வருகிறேன் என்று சொல்லவும். மிக்கேல் சம்மனசு உங்கள் பயணத்துக்குக் காவலாயிருக்கட்டும். அக்காவுக்கு எங்கள் அன்பு, துரை தன் வணக்கத்தையும் சேர்க்கச் சொன்னான்.

இப்படிக்கு,
தங்கள் வரவுக்குத் தொட்டி நிறையக் காத்திருக்கும்
ஸ்டானிஸ்லாஸ்,
பம்ப் ஹவுஸ் ஃபிட்டர் (ஓய்வு).

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். கடிதம் எழுதிய அன்று சாயங்காலமே அக்கா போன் செய்தார்கள். உங்களுக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன் ஆகிவிட்டதாம். கல்யாண வேலையில் இருக்கிற தங்கையைக் கலங்கடிக்க வேண்டாம் என்று நீங்கள்தான் சொல்லவிடாமல் தடுத்தீர்களாம். இனி எந்த விளிம்பையும் தாண்டிக் காலை வைக்கக் கூடாதாம். ஸ்டூலில் உட்கார்ந்து, காலை நேராக நீட்டிக்கொண்டு, வாளியிலிருந்து மொண்டு ஊற்றிக்கொள்கிறீர்களாம். எழும்பூர் ஓட்டலில்கூட இந்தத் தடவை டப் இல்லாத ரூம்தான் கேட்டிருக்கிறீர்களாம். ஃப்ளோரன்ஸ் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய், டப்புக்குப் பக்கத்தில் இருந்த சந்தில் போட்டு உட்கார்ந்து காலை நீட்டினாள். கால் டப்பில் இடித்தது. திரும்பி உட்கார்ந்து நீட்டினாள், சுவரில் இடித்தது. "இத்த எடுத்துடு" என்றாள், அவ்வளவுதான்.

இன்று ராமசுப்புவும் துரையும் வந்தார்கள். டப்பைப் பெயர்ப்பதற்கு முன்னால் தண்ணீரை வெளியேற்றத்தானே வேண்டும், என் டிராப்புக்கு நல்ல காலம் வந்தது என்று மறுபடியும் கையை மடித்தேன். சங்கிலியைத் தொடுவதற்குள் தாயம்மா தலைமையில் குடங்கள் வந்துவிட்டன. அடியில் மிஞ்சிய கடைசித் தண்ணீரையும் ஜூடி துணியால் ஒற்றி எடுத்து வாளியில் பிழிந்துகொண்டாள். டப் இப்போது கீழே சந்துச் சுவரோரம் பலகையும் லேஸ் துணியுமாகத் தெருவுக்கே பொதுவாக நிற்கிறது. நீங்கள் குளிக்கிற தண்ணீர் துரை சொன்ன நாணி டிராப்பில்தான் போகும். அவன் சிரித்துக்கொண்டே இருக்கிறான். போட்டோவை மட்டும் நான் கழற்ற மாட்டேன்.

பீரோவிலிருந்த போர்வை மொட்டைமாடியில் வெயிலில் காய்கிறது. ஓட்டலை ரத்து செய்துவிட்டு வாருங்கள் மச்சான். எங்கள் வீட்டில் இனி நீங்கள் தாராளமாகக் கால் நீட்டிக் குளிக்கலாம், டப்பை எடுத்துவிட்டோம்.