ஏழு மாதச் சுதந்திரமும் ஒரு மன்னிப்புக் கடிதமும்

அன்பும் மரியாதையும் குறையாத அண்ணனுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே மூவரும் நலம். அதாவது, ஒருவர் வேலையில்லாமல் நலம், ஒருத்தி பரீட்சை பயத்தோடு நலம், இந்த இருவரையும் பார்த்துக்கொண்டு நான் நலம். அங்கே நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலம்தானே? உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குறைந்திருந்தால் மகிழ்ச்சி. குறையாவிட்டால், தப்பாக நினைக்காதீர்கள், அதிலும் எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சிதான். ஏனென்றால் இந்தக் கடிதம் முழுக்க உங்கள் மேல்தான் புகார். கடைசியில் ஒரு உதவியும் கேட்கப் போகிறேன். திட்டிவிட்டு உதவி கேட்பது நம் குடும்பத்தில் புதிதில்லையே.

இரண்டு வருடத்துக்கு முன் வந்திருந்தபோது எங்கள் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து, கையில் டீயோடு, உங்கள் மாப்பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "மாப்பிள்ளை, சம்பளம் எவ்வளவுங்கிறது பெரிய விஷயமே இல்ல. நாளைக்கே வேலை போச்சுன்னா, கையில இருக்கிறத வச்சு எத்தனை நாள் யாருகிட்டயும் கைநீட்டாம இருப்பீங்க? அதுதான் உங்க சுதந்திரம். மத்ததெல்லாம் சும்மா." கேட்டுவிட்டு டீயைக் குடித்து முடித்து, அங்கேயே சாய்ந்து குறட்டை விட்டீர்கள். மறுநாள் ஊருக்கும் போய்விட்டீர்கள். கொளுத்திப் போட்டுவிட்டுப் போகிறவருக்கு என்ன கவலை? உங்களுக்கு எத்தனை நாள் என்று அன்றைக்கு நாங்கள் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அண்ணி பக்கத்திலேயே இருந்தார்கள், அதனால்தான்.

உங்கள் மாப்பிள்ளையைப் பற்றி உங்களுக்குத் தெரியாததில்லை. 'முடியாது' என்ற சொல்லே அவர் வாயில் வராது. குளியலறைச் சாமான் விற்கிற அந்தக் கம்பெனியின் கிடங்கில் இருபத்திரண்டு வருடமாகச் சரக்குக் கணக்குப் பார்க்கிறார். மேனேஜர் லீவு நாளில் வா என்றால் "ஆகட்டும் சார்". மேனேஜர் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, வந்து பார் என்றால் "ஆகட்டும் சார்". கூட்டிய சம்பளத்தை அடுத்த வருடம் தருகிறேன் என்றாலும் அதே ஆகட்டும் சார். வாசலில் பொருள் விற்க வருகிறவர்களிடமும் இதே பாட்டுதான். மூன்று பேர் இருக்கிற வீட்டில் எங்களிடம் ஏழு குடை இருக்கிறது. ஒருமுறை யாரோ தப்பான நம்பருக்குப் போன் செய்து, "நாளைக்குக் காலையில சிமெண்ட் இறக்கிடுறோம்" என்றபோதுகூட "ஆகட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார். சிமெண்ட் யாருக்குப் போனதோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்படிப்பட்ட மனிதர் நீங்கள் போன மாலையே கணக்குப் போட உட்கார்ந்தார். வங்கியில் இருந்ததை எங்களுடைய ஒரு நாள் செலவால் வகுத்தார். விடை ஒன்பது. மறுபடி போட்டார்; மறுபடியும் ஒன்பதுதான். ரெடிமேட் கடைக்கு நான் ஆல்ட்ரேஷன் தைத்துக் கொடுக்கிற கூலி வரவேண்டியது கொஞ்சம் இருந்தது, அதையும் சேர்த்தார், பத்தரை. முகம் தொங்கிவிட்டது. "இத்தனை வருஷம் உழைச்சு, பத்து நாள்தானா?" என்றார். "பத்தரைப்பா" என்றாள் உங்கள் மருமகள். அரை நாளை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர் முகத்தைப் பார்த்து அழுகையும் வந்தது.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் பணம் என்ற சொல்லே காணாமல் போய்விட்டது. எல்லாவற்றுக்கும் விலை நாள்தான். சோப்பு கால் நாள், காஸ் சிலிண்டர் இரண்டு நாள், மேல்வீட்டு அம்மா "சும்மாதான் வந்தேன்" என்று உட்கார்ந்தால் டீயோடு சேர்த்து முக்கால் மணி நேரம். செருப்புக் கடைக்குக் கூட்டிப் போனேன். இவர் ஒரு ஜோடியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து, "இது ரெண்டு நாள்தானே?" என்று என்னிடம் கேட்டார். கடைக்காரர் காதில் விழுந்துவிட்டது. "சார், ரெண்டு வருஷம் உழைக்கிற செருப்பு சார் இது! பிடிக்கலன்னா வச்சுட்டுப் போங்க, வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க" என்று எகிறினார். அவரைச் சமாதானப்படுத்துவதற்காக இவர் இரண்டு ஜோடி வாங்கினார். நாலு நாள் போச்சு.

இதுவாவது பரவாயில்லை. வகுத்தல் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்தது உங்கள் மருமகள். "அப்பா, பணம் கூடினாத்தான் நாள் கூடும்னு யார் சொன்னா? செலவைக் குறைச்சாலும் கூடுமே!" என்றாள். அப்பாவும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள் பாருங்கள், அப்போதே நான் இடையில் புகுந்து தடுத்திருக்க வேண்டும். ஒரு காசு சேர்க்காமல், ஒரே உட்காரலில் பத்தரை நாளைப் பதினாலு நாளாக்கிவிட்டார்கள். "அப்போ செலவே இல்லாம இருந்தா?" என்றார் இவர். "பூஜ்யத்தால வகுக்க முடியாதுப்பா." "கிட்டக்கப் போகலாம்ல?" கிட்டத்தில் போனார்கள் அண்ணா. மாலையில் வீடு முழுக்க ஒரே விளக்கு. நான் தைக்கிற இடத்திலேயே அவள் படிப்பு, அங்கேயே இவர் சட்டைக்கு இஸ்திரி, ஒருநாள் என் நூல்கண்டையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார். பகலில் பிரிட்ஜை நிறுத்தி வைத்ததில் பால் திரிந்து அரை நாள் நஷ்டம். பஸ்ஸை விட்டுவிட்டு சைக்கிளில் போனதில் செயின் பேண்ட்டைக் கடித்துக் கிழித்தது; தைத்துத் தர நான் இருந்ததால் நஷ்டமில்லை என்று கணக்கில் எழுதிக்கொண்டார்கள். என் உழைப்புக்கு நாளும் கிடையாது, மணியும் கிடையாது.

சலூன் செலவை மிச்சம் பிடிக்க உங்கள் மருமகளே அப்பாவுக்கு முடி வெட்டினாள். என்னுடைய தையல் கத்தரியால். ஒரு பக்கம் குறைந்தது, அதைச் சரிசெய்ய மறுபக்கம் குறைந்தது, கடைசியில் தலையில் மிஞ்சியதைப் பார்த்துவிட்டு கிடங்கில் எல்லோரும் இவருக்கு ஏதோ பெரிய வியாதி, சிகிச்சை நடக்கிறது என்று முடிவுகட்டிவிட்டார்கள். சரக்கு ஏற்றி இறக்குகிற ஆட்களில் ஒருவர், எல்லோரும் 'சின்னவர்' என்று கூப்பிடுவார்களே, அவர் தன் கையிலிருந்து முதலில் போட்டு, மற்றவர்களிடமும் வசூல் செய்து, ஒரு கவரில் கொண்டுவந்து கொடுத்து, "அண்ணே, ஒண்ணும் யோசிக்காம உடம்பப் பாத்துக்குங்க" என்றிருக்கிறார். உங்கள் மாப்பிள்ளைக்குத்தான் மறுக்க வராதே. "ஆகட்டும்" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்! ஆறு நாள் இருந்தது அந்தக் கவரில். ஆளாளுக்கு விஷயத்தை விளக்கித் திருப்பிக் கொடுத்து முடிக்க ஒரு வாரம் ஆனது. திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, "அவரு சம்பளத்துக்கு, அவரு போட்டதுதான் இருக்கிறதுலயே அதிகம்" என்றார்.

பிறகு என் கடைவாய்ப் பல். இதைச் சொல்லாமல் விட்டால் நான் அவர் மேல் மட்டும் பழி போடுகிறேன் என்று நினைப்பீர்கள். பல் மூன்று வாரமாக வலித்தது. டாக்டர் அடைக்க வேண்டும் என்பார், அது ஐந்து நாளாகும் என்று மேல்வீட்டு அம்மா மூலம் விசாரித்து வைத்திருந்தேன். அப்போதுதான் நாங்கள் இரண்டு மாதத்தைத் தொட்டிருந்தோம். அந்த எண் கீழே இறங்குவதைப் பார்க்க எனக்கே மனம் வரவில்லை அண்ணா. கிராம்பை அடக்கிக்கொண்டு, எதைக் கேட்டாலும் "ம்" என்று சமாளித்தேன். நான் மூன்று வாரம் எதிர்த்துப் பேசாமல் இருந்ததில்தான் இவருக்குச் சந்தேகமே வந்திருக்கிறது. விஷயம் தெரிந்ததும் ஒரு கோபம் வந்தது பாருங்கள், கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்ததில்லை. "உன் பல்ல அடகு வச்சா நான் சுதந்திரம் வாங்கணும்? செருப்பப் போடு, கிளம்பு!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஐந்து நாள் போனது. அவர் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. எனக்குத்தான் வீடு வரும்வரை கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. வலியினால் என்று சொல்லிவைத்தேன்.

இப்படியே இரண்டு வருடம். சம்பளம் வந்ததும் ஒரு பங்கு எங்கள் கண்ணில் படாமல் வேறு கணக்குக்குப் போய்விடும்படி வங்கியில் எழுதிக் கொடுத்தார். என் தையல் கூலி மொத்தமும் அதில் விழுந்தது. உங்கள் மருமகள் மேல்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து அதையும் போட்டாள். போன மாதம் ஏழு மாதத்தைத் தொட்டோம். அன்றைக்கு இவர் கொஞ்சம் நிமிர்ந்து நடந்ததுபோல எனக்குத் தோன்றியது. சைக்கிள் ஓட்டி முதுகு பிடித்துக்கொண்டதோ என்று தைலம் எடுத்து வைத்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை மேனேஜரின் மச்சினன், புதிதாகச் சூப்பர்வைசராக வந்திருக்கிறவர், போனில் பேசிக்கொண்டே வேனைப் பின்னால் எடுத்து, அடுக்கி வைத்திருந்த வாஷ்பேசின்கள் மேல் ஏற்றிவிட்டார். அத்தனையும் தூள். மேனேஜர் ஒரு தாளை அடித்து எடுத்துக்கொண்டு வந்தார். சின்னவர் கவனக்குறைவாகக் கீழே போட்டுவிட்டார், நஷ்டத்தை அவர் கூலியில் பிடிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. சரக்குக்குப் பொறுப்பானவர் என்று இவர் கையெழுத்துப் போட வேண்டும். இவர் தாளைப் படித்தார். சின்னவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தாராம்.

பதினொரு மணிக்கே வீட்டுக்கு வந்து நின்றார். "என்னங்க, உடம்புக்கு என்ன?" என்று ஓடினேன். "சொல்லிட்டேன்" என்றார். "என்னத்த?" "முடியாதுன்னு." எனக்குப் புரியவே இல்லை. அவரே சொன்னார்: "மொதல்ல சொன்னது அவருக்குக் காதுல விழல. என்னன்னு கேட்டாரு. முடியாது சார்னேன். அப்புறம் அவரு கேக்காமலே இன்னொரு தடவை சொன்னேன்." பிறகு தட்டைப் போட்டுக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டார். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துத் தூங்கினார். நான்தான் வங்கிப் புத்தகத்தை எடுத்து மறுபடி வகுத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணா, ஏழு மாதம் என்று வாயால் சொல்லும்போது கடல் மாதிரி இருந்தது. ஒரு வாரம் கழிந்ததும் குடம் மாதிரி ஆகிவிட்டது. எட்டிப் பார்த்தால் அடி தெரிகிறது. உங்கள் மருமகளுக்கு அடுத்த வருடம் கல்லூரிப் பணம் கட்ட வேண்டும். நாற்பத்தாறு வயதுக்காரரை வேறு யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? எதிர்த்துப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டு ஒன்றாம் தேதிக்குள் எழுதிக் கொடுத்தால் உள்ளே விடுவதாக மேனேஜர் சொல்லி அனுப்பியிருக்கிறார். இவரிடம் சொன்னால் சிரிக்கிறார். ஆகவே இவருக்குத் தெரியாமல் கேட்கிறேன்: அந்தக் கடிதத்தை நீங்கள் எழுதித் தர வேண்டும். பேசிய பேச்சுக்குத்தான் மன்னிப்பு. அந்தக் கையெழுத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது. சின்னவர் மேல் ஒரு சொல் விழக்கூடாது. மன்னிப்புக் கேட்டது போலவும் இருக்க வேண்டும், கேட்காதது போலவும் இருக்க வேண்டும். உங்கள் ஆபீசில் முப்பது வருடம் அப்படித்தானே எழுதிக்கொண்டிருந்தீர்கள்? இவரிடம் கையெழுத்து வாங்குவது என் பாடு. நீங்கள் மூட்டியதை நீங்களே அணைத்துக் கொடுங்கள். தபால் கண்ட உடனே எழுதுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தங்கள். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம். எவ்வளவு திட்டினாலும் உங்கள் ஆசி ஒன்றை நம்பித்தான் என் வண்டி ஓடுகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது போன் வந்தது, அதனால் இதையும் எழுதுகிறேன். மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டாம். படிக்கும்போதே பேனாவை எடுத்திருந்தால் மூடி வைத்துவிடுங்கள். தெரிந்த கிடங்கு எங்காவது ஆள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள், அது அவசரம். போனில் மேனேஜர்தான். "அம்மா, மன்னிப்பெல்லாம் எதுக்கு, நாங்க என்ன வெளியாளா? அந்தத் தாள்ல ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். சம்பளத்துலயும் கொஞ்சம் கூட்டித் தரேன். அவரு சாது, நீங்க சொன்னா கேப்பாரு" என்றார். கூட்டித் தருவது மாதத்துக்கு நாலு நாள் வரும் என்று என் மனம் கணக்குப் போட்டுவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் என் வாய் தானாகப் பேசியது. போனை வைத்ததும் தையல் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் இவர் அறை வாசலில் நிற்கிறார். "யாரு, மேனேஜரா? என்ன சொன்னே?" என்றார். "நீங்க சொன்னதைத்தாங்க" என்றேன்.